படம் மட்டும் நிற்கிற லைன்

என் தங்கச்சிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். அவளைப் பார்த்து உச்சுக்கொட்டியவர்களையெல்லாம் அவள் நின்ற இடத்திலேயே கையால் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அவர்கள் புரியாமல் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் புரிந்து சிரித்தேன்.

காது கேளாதவர்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு கைமொழி சொல்லித் தருகிறார்கள். அந்தப் பக்கம் அவளை யாரும் அனுப்பவில்லை, எழுதப் படிக்க மட்டும் நான் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் மொழி நாங்கள் இரண்டு பேரும் சின்ன வயதில் வீட்டில் கட்டியது. அதில் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, அடையாளம்தான். நாக்கைத் தொட்டுக் கையை உதறினால் மிளகாய், அது நான். டிப்போவில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஊர் உலகத்தோடு சண்டை போடுகிறவளுக்கு அது பொருத்தம்தான். அவளைக் கட்டிக்கொண்டவன் கண்ணாடியைக் கண்ட இடத்தில் தலை வாருகிறவன், அதனால் அவன் சீப்பு. அவனுடைய தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், எங்கள் தெருவுக்கே இன்டர்நெட் கொடுக்கிறவன். முழங்கையில் வயரைச் சுற்றுகிற மாதிரி காட்டினால் அது அவன். தெருவும் அவனைக் கேபிள் என்றுதான் கூப்பிடும். தங்கச்சியின் மகள் வாலு. அதற்கு விளக்கம் வேண்டாம், ஒரு மத்தியானம் அவளை வைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

இந்த மொழி உலகத்திலேயே மூன்று பேருக்குத்தான் தெரியும்: தங்கச்சி, நான், வாலு. வாலுவுக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை பேச வந்துவிட்டது. பால் வேண்டும் என்று முதலில் கேட்டது கையால்தான். சீப்பு கற்றுக்கொள்ளவே இல்லை. அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் வா, போ, சாப்பாடு, இவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. வீட்டில் வளர்க்கிற நாய்க்கு இதைவிடக் கூடத் தெரியும்.

இருவரும் பிரிந்தபோது சீப்பு வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனான். அம்மாவிடம் இருந்தால் குழந்தையும் ஊமையாகிவிடும் என்று கோர்ட்டில் கூசாமல் சொன்னான். இப்போதைக்குக் குழந்தை அப்பாவிடம் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீடியோ காலில் பார்க்கட்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. பள்ளி லீவுக்கு முன்னால் கோர்ட்டின் கவுன்சிலர் ஒருவர் குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு ஒரு கால் போடுவார். குழந்தை தங்கப்போகிற வீட்டைப் பார்ப்பார், அம்மாவும் பிள்ளையும் பேசிக்கொள்கிறார்களா என்றும் பார்ப்பார். பேசிக்கொண்டால் லீவு முழுக்க வாலு எங்களிடம். இல்லையென்றால் அவள் அங்கேயேதான், இனி எப்போதும்.

முதல் சில வாரம் படம் பளிங்கு மாதிரி வந்தது. வாலு பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் கையால் அளந்தாள். டீச்சர் நடக்கிற நடையைக் காட்டி, தங்கச்சியை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். பிறகு படம் திக்க ஆரம்பித்தது. கை மேலே போகும், அங்கேயே நிற்கும். அடுத்து பார்த்தால் மடியில் இருக்கும். நடுவில் அவள் என்ன சொன்னாள் என்பது காற்றோடு போச்சு. குரல் மட்டும் கணீரென்று வந்துகொண்டிருந்தது. குரலை வைத்துக்கொண்டு என் தங்கச்சி என்ன செய்வாள்?

கேபிளைக் கூப்பிட்டேன். உடனே வந்தான், அதில் குறையே சொல்ல முடியாது. செருப்பை வெளியே விட்டு, அண்ணி சாப்பிட்டாங்களா என்று கேட்டு, அவளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, தன் போனை எங்கள் லைனில் சேர்த்து ஸ்பீடு டெஸ்ட் வைத்தான். முள் விர்ரென்று ஏறிக் கடைசி எண்ணில் போய் ஒட்டிக்கொண்டது.

"பாருங்கக்கா, லைன் வெண்ணெய் மாதிரி ஓடுது. உங்க போன்தான் கிழடு தட்டிடுச்சு. அண்ணிக்கு நான் பண்ணாம வேற யாரு பண்ணப்போறா?"

தங்கச்சி ரெடிமேட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். ஓவர்டைம் பார்த்துப் புதுப் போன் வாங்கினாள். படம் அப்போதும் நின்றது. கேபிள் வந்தான், டெஸ்ட் வைத்தான், முள் உச்சிக்குப் போனது. வீட்டுக்குள் இருக்கிற பெட்டியை மாற்றச் சொன்னான், மாற்றினோம். மறுபடி வந்தான், மறுபடி முள் உச்சிக்குப் போனது. அவன் லைன் நல்லது என்பதற்கு அவன் வைக்கிற டெஸ்டே சாட்சி. வேலிக்கு ஓணான் சாட்சி! ஒருநாள் போகிறபோக்கில், "இங்க படம் நின்னாலும் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், அண்ணிய பேச்ச நிறுத்த வேணாம்னு சொல்லுங்க" என்றான். நான் அதைக் கையால் சொன்னேன். பாவி சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு படம் நின்றாலும் அவள் கை நிற்பதில்லை.

வேறு லைனுக்கு மாறியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் தெருவில் கேபிளைத் தவிர நாதி கிடையாது. மொபைல் சிக்னலில் பேச்சு மட்டும்தான் வரும், தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினாலும் படம் வராது. பிரவுசிங் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அதனால் கேபிளுக்கு லைன் கொடுக்கிற பெரிய கம்பெனியின் ஆபீசுக்கே ஒருநாள் போய் உட்கார்ந்தேன்.

கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் முகம் கோணாமல் கேட்டுக்கொண்டார். வீடியோவை மட்டும் பிடித்து அமுக்குகிறீர்களா என்று நேராகவே கேட்டேன். அமுக்குவது என்று சொல்வதில்லை, ஒழுங்குபடுத்துவது என்றுதான் சொல்வது என்று திருத்தினார். யாருக்கு, எப்போது, எவ்வளவு ஒழுங்கு என்று கேட்டேன். அது உள் விவகாரம், வாடிக்கையாளரிடம் சொல்ல மாட்டார்களாம். எந்த வீட்டுக்கு எப்படி என்பதெல்லாம் அந்தந்தத் தெரு ஆபரேட்டர் கையில் இருக்கிறதாம். ஆபரேட்டரைக் கேட்டால் எங்கள் போன்தான் கோளாறு என்கிறானே என்றேன். ஒப்பந்தத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அனைவரின் நலன் கருதி வேகம் அவ்வப்போது மாற்றியமைக்கப்படலாம் என்று எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தது. அந்த அனைவரில் என் தங்கச்சி இல்லை போலிருக்கிறது.

"வாய்ஸ் கிளியரா இருக்குல்ல மேடம்?" என்று கேட்டார் அவர்.

அவளுக்குக் காது கேட்காது என்றேன்.

"காது கேக்காதவங்களுக்கு கால் எதுக்கு மேடம்?"

செவிடன் காதில் ஊதின சங்கு என்று எவனாவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழிக்குத் தடை. அன்றைக்கு அந்த ஆபீஸ் படியில் இறங்கும்போது நானே அதை வாய்விட்டுச் சொன்னேன். சங்கு ஊதியது நான். செவிடு யார் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது தங்கச்சிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபிள் வந்து டெஸ்ட் வைத்தான். முள் ஏறிய நேரம் முழுக்க வாலு கல்லில் இருந்து எழுந்து வந்தவள் மாதிரி ஆடினாள், குதித்தாள், பேசினாள். டெஸ்ட் முடிந்ததும் மறுபடி கல். கேபிள் தன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான், நான் கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தங்கச்சி மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் படியிறங்கியதும் என் போனைப் பிடுங்கி என் கையில் திணித்து, நீ வை அந்த டெஸ்ட்டை என்றாள். வைத்தேன். முள் ஏறியது, வாலு அசைந்தாள். அதிகாரி வருகிற அன்றைக்கு மட்டும் குழாயில் தண்ணீர் விடுவார்களே, அதே கதை. யார் டெஸ்ட் வைத்தாலும் அது ஓடுகிறவரைக்கும் லைன் தானாக முழுசாகத் திறக்கிற மாதிரியும், முடிந்ததும் தானாகப் பூட்டிக்கொள்கிற மாதிரியும் வைத்திருக்கிறான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பயல்!

சண்டைக்குப் போகலாம் என்று எழுந்தேன். தங்கச்சி என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். சண்டை போட்டால் இந்த வழியையும் அடைத்துவிடுவான், முதலில் குழந்தையிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு வாய் நீளம், அவளுக்குப் புத்தி நீளம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரே வேலை. போனுக்குப் பின்னால் உட்கார்ந்து டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். முள் ஏறியிருக்கிற நேரத்துக்குள் அவர்கள் பேசிக்கொள்வார்கள். முள் விழுந்தால், இப்போது பட்டன் இருக்கிற தைரியத்தில், தங்கச்சி கையை அந்தரத்திலேயே நிறுத்திவைத்துக்கொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று என்னைக் கண்ணால் விரட்டுவாள். நான் அழுத்துவேன், விட்ட இடத்திலிருந்து கை கிளம்பும். வாலுவுக்கு இது கண்ணாமூச்சி ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. நின்று போன மாதங்களில் அவள் நிறைய மறந்திருந்தாள். தூக்கம், கோபம், அப்புறம் என்பதற்கெல்லாம் கை தடுமாறியது. இரண்டு மூன்று வாரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. முன்பல் விழுந்த கதையை, பல் குழம்பில் விழுந்ததையும் அதை அப்பா கிட்டத்தட்ட முழுங்கினதையும், ஒரு சொல் தவறாமல் கையால் சொன்னாள். அன்றைக்குத் தங்கச்சி அழுதாள். சீப்பு முழுங்காமல் போனானே என்ற வருத்தத்திலும் இருக்கலாம்.

கவுன்சிலர் கால் போடவேண்டிய நாள் நெருங்கியது. ஒருமுறை வந்த தேதியை லைன் சரியில்லை என்று நாங்களே கேட்டுத் தள்ளிப்போட்டிருந்தோம், இனிமேல் தள்ள மாட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் சீப்பிடமிருந்து ஒரு மெசேஜ். குழந்தை ஆசைப்படுகிறாள், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், தினமும் பேசிக்கொள்ளட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். தங்கச்சி அதைப் படித்துவிட்டு, அவன் மனசு இளகிவிட்டது என்றாள். அவளை விடுங்கள், நானும் நம்பினேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதபோது, அட, ஆட்டுக்குக் குடை வாங்கிக் கொடுக்கப்போகிறது போல என்று நினைத்த புத்திசாலி நான்தான்.

தினமும் பேசினார்கள். டிப்போவிலிருந்து வந்ததும் நான் பட்டனோடு உட்கார்ந்துவிடுவேன். தங்கச்சி ஒரு பழைய கட்டிலைத் தேய்த்து பெயின்ட் அடித்து ஜன்னலோரமாகப் போட்டாள். அதை வாலுவுக்கு இன்னும் காட்டவில்லை. கவுன்சிலர் பார்க்கும்போது குழந்தையும் முதல்முதலாகப் பார்க்கட்டும், அவள் முகத்தில் வருவதை அவரும் பார்க்கட்டும் என்றாள்.

அந்த நாள் காலையில் லைனைச் சரிபார்க்க டெஸ்ட் வைத்தேன். முள் எழுந்திருக்கவே இல்லை. திரும்பத் திரும்ப வைத்தேன். நோயாளி தலையைத் தூக்குவது மாதிரி லேசாகத் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு கேபிள் கடைக்கு ஓடினேன்.

அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீடும் அவன் திரையில் ஒரு கோடு. எங்கள் கோடு சிவப்பாக இருந்தது. உங்களுக்கு இந்த மாதத்து டேட்டா அளவு தீர்ந்துவிட்டது, அதனால் கம்பெனியே வேகத்தைக் குறைத்துவிட்டது என்றான். நாங்கள் என்ன சினிமாவா பார்த்தோம், எப்படித் தீரும் என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"அந்த பட்டன அழுத்துறீங்களே, ஒவ்வொரு தடவையும் அது அரை சினிமா அளவுக்கு முழுங்கும்க்கா. இங்க உக்காந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அண்ணி பேசட்டும், தினமும் பேசட்டும்னு அண்ணன்கிட்ட சொன்னதே நான்தான்."

எனக்கு ஒரு நிமிஷம் காது அடைத்துப்போனது. முள்ளைத் தூக்க எங்கள் அளவையே நாங்கள் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறோம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதை வாரக்கணக்கில் உட்கார்ந்து வைத்தவள் நான்.

கூட அளவு போடு, என்ன கேட்டாலும் தருகிறேன் என்றேன். போட்டால் நாளைக்குத்தான் ஏறும் என்றான். இன்றைக்கு ஒரு மணி நேரம் திறந்துவிடு, உன் காலில் விழுகிறேன் என்றேன். நான், மிளகாய், சொன்னேன். எங்கள் வீட்டுக் குழந்தை எங்கள் வீட்டில் வளரும் என்றான் அவன். கவுன்சிலருக்கு போன் போட்டேன். அந்த வீட்டு லைன் முழு வேகத்தில் இருப்பதாக ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டு சர்டிபிகேட் அனுப்பியிருக்கிறார், மறுபடி லைனைச் சாக்குச் சொல்லாதீர்கள் என்றார் அவர். சர்டிபிகேட்டோடு முள் உச்சியில் நிற்கிற படமும் இருந்ததாம். எங்கள் வீட்டில், எங்கள் சோபாவில் உட்கார்ந்து எடுத்த படம்.

கால் வந்தது. தங்கச்சி நல்ல சேலை கட்டி, பின்னால் கட்டில் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அக்கா படத்துக்குள் வரக்கூடாது, ஜாடை சொல்லித்தரக்கூடாது என்று கவுன்சிலர் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் போனுக்குப் பின்னால் சுவரோரம் நின்றேன்.

ஒரே ஒரு படம் வந்தது. வாலு இரட்டைச் சடையோடு, விழுந்த பல்லின் சந்து தெரிய, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். அங்கேயே நின்றுபோனது. தங்கச்சிக்கு நின்றுவிட்டது தெரியும். ஆனால் பட்டனும் கைவிட்ட அன்றைக்கு, அந்தப் பக்கம் ஓடும் என்று கேபிள் எப்போதோ சொன்னது ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அவள் நிறுத்தவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். இது உன் கட்டில், இது உன் ஜன்னல், பெரியம்மா மிளகாய் உனக்காக லீவு போட்டிருக்கிறாள், காலையில் எத்தனை மணி வரைக்கும் வேண்டுமானாலும் தூங்கலாம். எழுந்துபோய்க் கட்டில்மேல் உட்கார்ந்து குதித்துக்கூடக் காட்டினாள். அத்தனை அழகாக அவள் பேசி நான் பார்த்ததில்லை.

குரல் மட்டும் வழக்கம்போலக் கணீரென்று வந்துகொண்டிருந்தது, எனக்கு.

"பாப்பா இவ்ளோ நேரமா கை காட்டுது, அந்தம்மா அசையவே மாட்டேங்கறாங்களே" என்றார் கவுன்சிலர்.

சார், லைன் அமுங்கியிருக்கிறது, அவள் பேசிக்கொண்டிருக்கிறாள் சார் என்று கத்தினேன். குறுக்கே பேசினால் அதையும் எழுத வேண்டிவரும் என்றார். எப்பவுமே இப்படித்தான் சார் என்றது சீப்பின் குரல். மேஜையைக் கையால் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக் கூப்பிடுவது வாலுவின் பழக்கம்.

"அம்மா என் கையையே பாக்க மாட்டேங்கறா" என்றாள் வாலு. இன்னொருமுறை மேஜையைத் தட்டினாள். பிறகு, "அவளுக்கு என்னைப் பிடிக்கல. நான் போகட்டுமா?" என்றாள்.

போம்மா என்றார் கவுன்சிலர். நாற்காலி இழுபடுகிற சத்தம் வந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் பரிமாற்றம் எதுவும் இல்லை என்று பக்கத்தில் யாரிடமோ சொல்லி எழுதவைத்தார். தங்கச்சி அப்போது கட்டிலின் கீழே இருந்து வாலுவின் பழைய செருப்பை எடுத்து, உன் கால் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, காட்டு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

லைன் துண்டிக்கப்படுவதற்கு முன் படம் ஒருமுறை மாறியது. காலி நாற்காலி.

தங்கச்சி கையில் செருப்போடு திரும்பி, எங்கே போனாள், என்ன சொன்னாள் என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். நாளைக்கு அந்தப் பேப்பர் வீட்டுக்கு வரும், அவளே படிப்பாள். அதனால் கேட்டதை எல்லாம் சொன்னேன். அவளுக்கு என்னைப் பிடிக்கல என்பதையும் சொன்னேன். அதற்கு எங்கள் மொழியில் நெஞ்சிலிருந்து ஒரு கையை எடுத்துக் கீழே போட வேண்டும். நான் கையைப் பாதியிலேயே நிறுத்தினேன், அவள் இன்னொருமுறை சொல்லச் சொன்னாள்.

நான் நிறுத்தவே இல்லையே என்றாள். நீ பார்த்தாயே, பேசிக்கொண்டேதானே இருந்தேன்? ஆமாம் என்றேன். அப்படியென்றால் அவளுக்கு போன் போட்டுச் சொல் என்றாள். உனக்கு வாய் இருக்கிறது, அவளுக்குக் காது இருக்கிறது, குரல்தான் நன்றாகப் போகிறதே, சொல்.

சீப்புக்கு அடித்தேன். எடுத்தான். குழந்தையிடம் ஒரு வார்த்தை என்றேன். "இனிமே எதுவானாலும் கோர்ட் வழியா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். மறுபடி அடித்தால் போகவே இல்லை.

தங்கச்சி என் முன்னால் மண்டியிட்டு, என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லாத போனில், "வாலு, அம்மா நிறுத்தவே இல்லடி கண்ணு, பேசிக்கிட்டேதான் இருந்தா" என்று வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னேன். கேட்டுவிட்டாளா என்று தங்கச்சி கேட்டாள். கேட்டுவிட்டாள் என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.